எஸ்டிஏ என்ற 3 எழுத்தின் பின்னணி: சொந்த கம்பெனியிலிருந்து 2 முறை வெளியேறிய ஆலன் ஷுகார்ட் யார்?

லினக்ஸில் வேலை பார்ப்பவர்கள் தினமும் பார்க்கும் பெயர் ‘எஸ்டிஏ’. கம்ப்யூட்டரில் இருக்கும் முதல் டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது. இரண்டாவது டிஸ்க் இருந்தால் ‘எஸ்டிபி’. பென் டிரைவ் சொருகினால் அதற்கும் இதே வரிசையில் அடுத்த எழுத்து கிடைக்கும்.

இதில் ‘எஸ்டி’ என்பது முதலில் ‘ஸ்கஸி டிஸ்க்’ என்பதன் சுருக்கமாக வந்தது. ஸ்கஸி கேபிள் இன்று யார் வீட்டிலும் கிடையாது. பல இளைஞர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கிளியனூரில் பஸ் ஏறும் ஒருவர் கையில் யூஎஃப்எஸ் ஸ்டோரேஜ் கொண்ட ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதில் சேமிக்கப்படும் ஒவ்வொரு போட்டோவும் ஸ்கஸி கட்டளை வழியாகத்தான் உள்ளே போகிறது.

இந்த ஸ்கஸிக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்து ஒரு மனிதரின் பெயர்: ஆலன் ஷுகார்ட். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரைத் தாங்கிய அந்தத் தொழில்நுட்பத்தை அவர் உருவாக்கவில்லை. அது உருவானபோது அவர் அந்த கம்பெனியிலேயே இல்லை!

ரிப்பேர் வேலையில் தொடங்கியவர்

ஷுகார்ட் பிறந்தது 1930 செப்டம்பர் 27, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில். கலிஃபோர்னியாவில் உள்ள ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்தார். 1951-ல் பட்டம் வாங்கிய கையோடு ஐபிஎம்-மில் சேர்ந்தார்.

பெரிய ஆராய்ச்சியாளர் வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் பழுதான இயந்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஃபீல்டு இன்ஜினியர் வேலைதான். ஒரு இயந்திரம் எங்கே, எப்படி, எதனால் மக்கர் பண்ணும் என்று நேரில் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது.

1955-ல் ஐபிஎம்-மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். ரெனால்ட் ஜான்சன் என்பவர் தலைமையில் அங்கே ஒரு புதிய முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதுவரை தகவல்கள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த டேப்பிலும் இருந்தன. டேப்பில் நடுவில் இருக்கும் ஒரு தகவல் வேண்டுமென்றால், ஆரம்பத்திலிருந்து ஓட்டிக்கொண்டே வர வேண்டும். சுழலும் தட்டில் தகவலை எழுதினால், வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ப் படித்துவிடலாம். இதுதான் அந்தக் குழுவின் எண்ணம்.

அதன் பலன், 1956 செப்டம்பரில் வெளியான ‘ராமாக்’ கம்ப்யூட்டர். அதில் இருந்த ஹார்ட் டிஸ்க்தான் உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், எடை ஒரு டன்னுக்கும் மேல். இத்தனை இருந்தும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய கணக்கில் 4 எம்பி-கூட வராது. போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவே அதில் அடங்காது.

ராமாக் பணியில் பங்கெடுத்த ஷுகார்ட், படிப்படியாக மேலே போய் ஐபிஎம்-மின் டிஸ்க் தயாரிப்புகள் அனைத்துக்கும் பொறுப்பான மேலாளரானார். அவருக்குக் கீழே இருந்த குழுக்களில் ஒன்றுதான் ஃபிளாப்பி டிஸ்க்கைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவை நடத்தியவர் டேவிட் நோபிள். பெரிய கம்ப்யூட்டர்களை ஆன் செய்யும்போது உள்ளே ஏற்ற வேண்டிய மைக்ரோகோடை மலிவாக அனுப்பி வைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக உருவானது 8 அங்குல ஃபிளாப்பி. 1971-ல் அது வெளியே வந்தது.

ஆனால், அதற்கு 2 வருடம் முன்பே ஷுகார்ட் ஐபிஎம்-மை விட்டுப் போயிருந்தார்.

முதல் வெளியேற்றம்

1969-ல் அவர் மெமோரெக்ஸ் கம்பெனிக்குப் போனார். அவரை நம்பி ஐபிஎம் இன்ஜினியர்கள் பலர் பின்னாடியே வந்தார்கள். ஐபிஎம் கம்ப்யூட்டரில் பொருத்தக்கூடிய டிஸ்க்குகளை வெளியாள் ஒருவர் செய்து, குறைந்த விலைக்கு விற்கலாம் என்பது அப்போது புதிய வியாபாரம். அது ஜோராக நடந்தது.

1973-ல் சொந்தமாக ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஃபினிஸ் கானர் அவருடன் இருந்தார். சிறு வியாபாரிகளுக்கான ஒரு முழு கம்ப்யூட்டரைச் செய்வதுதான் திட்டம். ஃபிளாப்பி டிரைவ், பிரின்டர் என எல்லாவற்றையும் தாங்களே செய்ய நினைத்தார்கள்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. கைக்காசு கரைந்தது. பணம் போட்ட முதலீட்டாளர்களுக்குப் பொறுமை இல்லை. 1974-ல் ஷுகார்ட் தன் பெயரைத் தாங்கிய கம்பெனியிலிருந்து வெளியேற நேர்ந்தது. பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு அந்த கம்பெனி முழு கம்ப்யூட்டர் கனவைக் கைவிட்டு, ஃபிளாப்பி டிரைவ் மட்டும் செய்தது. அது பிய்த்துக்கொண்டு போனது. 1976-ல் 5.25 அங்குல ஃபிளாப்பியை அறிமுகம் செய்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்த நேரம். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த ஃபிளாப்பி டிரைவின் உள்ளே இருந்ததும் ஷுகார்ட் அசோசியேட்ஸ் கம்பெனியின் பாகம்தான். 1977-ல் ஜெராக்ஸ் அந்த கம்பெனியை வாங்கியது.

ஷுகார்ட் என்ன செய்தார்? நண்பர்களோடு சேர்ந்து சான்டா குரூஸ் நகரில் ஒரு மதுக்கூடம் திறந்தார். ஒரு படகு வாங்கி சால்மன் மீன் பிடிக்கப் போனார். இடையிடையே ஆலோசகர் வேலை. கம்ப்யூட்டர் உலகத்தில் பெயர் எல்லா டிரைவிலும் ஒட்டியிருக்க, பெயருக்குச் சொந்தக்காரர் கடலில் இருந்தார்.

அவர் இல்லாத இடத்தில் பிறந்த ஐடியா

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம். 1970-களின் முடிவில் ஷுகார்ட் அசோசியேட்ஸில் லாரி பவுச்சர் என்ற இன்ஜினியர் ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்தார். அது என்ன என்று புரிய, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

டிஸ்க் என்பது சுழலும் தட்டும், அதன் மேல் நகரும் தலையும்தான். தலையை எங்கே நகர்த்துவது, எப்போது படிப்பது, படித்ததில் பிழை உண்டா என்று பார்த்துக்கொள்ள ஒரு சர்க்யூட் வேண்டும். அதுதான் கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலரோடு ஆபரேட்டிங் சிஸ்டம் பேசுவதற்கு இடையில் இருக்கும் சிறிய புரோகிராம்தான் டிரைவர்.

அன்றைய நிலைமையில், கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் டிரைவர் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த டிஸ்க்கில் எத்தனை தட்டு, எத்தனை தலை, ஒரு வட்டத்தில் எத்தனை பகுதி என எல்லாமே. டிஸ்க்கை மாற்றினால் கணக்கு மாறும். கணக்கு மாறினால் டிரைவரை மாற்ற வேண்டும். ஒரு கம்பெனி புதிய மாடல் கொண்டுவந்தால், அத்தனை கம்ப்யூட்டர் கம்பெனிகளும் புரோகிராமைத் திருத்த வேண்டும்.

ஒரு ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். கார்டுதாரரே குடோனுக்குள் போய், மூன்றாவது அடுக்கு, இடது பக்கம், ஐந்தாவது மூட்டை என்று சொல்லி எடுக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? கடை இடம் மாறினாலோ, அடுக்கு மாறினாலோ வரிசையில் நிற்கும் எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக, கவுன்டரில் கார்டைக் காட்டினால் போதும், உள்ளே இருப்பவர் எடுத்துத் தருவார் என்றால்?

பவுச்சர் குழு செய்தது இந்த இரண்டாவது முறை. டிஸ்க்கில் உள்ள இடங்களுக்கெல்லாம் 0, 1, 2 என்று வரிசையாக ஒரு எண். கம்ப்யூட்டர் ‘இந்த எண்ணில் உள்ளதைக் கொடு’ என்று மட்டும் கேட்கும். தட்டு, தலைக் கணக்கெல்லாம் டிஸ்க் பக்கம் இருக்கும் கன்ட்ரோலரின் தலைவலி.

1979 வாக்கில் உருவான இந்த முறைக்கு வைத்த பெயர், ஷுகார்ட் அசோசியேட்ஸ் சிஸ்டம் இன்டர்ஃபேஸ். சுருக்கமாக ‘சாஸி’. பவுச்சர் 1981-ல் வெளியேறி அடாப்டெக் கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில் ஸ்கஸி கார்டு என்றாலே பலருக்கு நினைவுக்கு வந்த பெயர் அது.

சாஸியை எல்லோரும் பயன்படுத்தும் பொதுத் தரமாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பிடம் கொண்டுபோனார்கள். பொதுத் தரத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கக்கூடாது. அதனால் ஷுகார்ட் பெயர் நீக்கப்பட்டது. ‘ஸ்மால் கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ என்ற பெயர் வந்தது. அதுதான் ஸ்கஸி. 1986-ல் அது அதிகாரபூர்வத் தரமானது.

ஆக, ஒரு மனிதரின் பெயர் அவர் செய்யாத ஒன்றின் மேல் ஏறி, அவரைக் கேட்காமலேயே இறங்கியும் போனது.

மீன் படகிலிருந்து சீகேட் வரை

அதே 1979-ல் ஷுகார்ட் மறுபடியும் தொழிலுக்கு வந்தார். பழைய கூட்டாளி ஃபினிஸ் கானர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். ஃபிளாப்பி டிரைவ் பொருத்தும் அதே 5.25 அங்குல இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை நுழைத்துவிட்டால் என்ன?

புதிய கம்பெனிக்கு முதலில் ஷுகார்ட் டெக்னாலஜி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ‘ஷுகார்ட்’ என்ற பெயர் இப்போது ஜெராக்ஸ் கையில் இருந்தது. சொந்தப் பெயரைத் தன் கம்பெனிக்கு வைக்க முடியாத நிலை. பெயரை மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் சீகேட் டெக்னாலஜி. இன்றும் ஹார்ட் டிஸ்க் கடைகளில் நாம் கேட்டு வாங்கும் அதே சீகேட்.

1980-ல் சீகேட்டின் முதல் டிஸ்க் ‘எஸ்டி-506’ வந்தது. கொள்ளளவு 5 எம்பி. ராமாக்குக்கு ஒரு அறை தேவைப்பட்டது. இதைக் கையில் தூக்கிப் போகலாம். அடுத்து 10 எம்பி கொண்ட ‘எஸ்டி-412’. 1983-ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டருக்குள் இந்த மாடல் இடம்பிடித்தது. அதன் பிறகு சீகேட்டைப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்டி-506 ‘புத்தி இல்லாத’ டிஸ்க். கன்ட்ரோலர் தனி கார்டாக இருக்கும். அங்கிருந்து 2 கேபிள் போகும். தட்டு, தலை, பகுதிக் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, பவுச்சர் எதை ஒழிக்க நினைத்தாரோ, அதே பழைய முறை!

அது மலிவாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. மற்ற கம்பெனிகளும் அதே இணைப்பு முறையில் டிஸ்க் செய்தார்கள். ஒரு பக்கம் ஷுகார்ட் தன் கையால் வளர்த்த மலிவான முறை. இன்னொரு பக்கம் அவர் பெயரிலிருந்து பிறந்த புத்திசாலியான முறை. 1980-கள் முழுக்க இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

கடைசியில் நிலைத்தது டிஸ்க்குக்குள்ளேயே கன்ட்ரோலர் இருக்கும் முறை. ஆப்பிள் 1986-ல் மேக்கின்டோஷ் பிளஸ் கம்ப்யூட்டரில் ஸ்கஸியைக் கொடுத்தது. சன் கம்பெனியின் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்களும் ஸ்கஸிக்குப் போயின. சீகேட்டும் ஸ்கஸி டிஸ்க்குகளைச் செய்து விற்றது. மலிவான பிசிக்களில் வந்த ஐடிஇ முறையும் கன்ட்ரோலரை டிஸ்க்குக்குள்தான் வைத்தது.

யூனிக்ஸில் டிரைவர் அமைப்பது எப்படி இருந்தது?

இன்று டிஸ்க்கைச் சொருகினால் தானாக வேலை செய்கிறது. அன்று அப்படி இல்லை. பழைய பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைல் இருக்கும். எந்தக் கன்ட்ரோலர், எந்த முகவரியில், அதில் எத்தனையாவது டிஸ்க் என்று வரி வரியாக எழுத வேண்டும். பிறகு கெர்னலையே மறுபடி கம்பைல் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு எண் தப்பினால், டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது.

ஸ்கஸி வந்த பிறகும் வயர் வேலையில் கவனம் தேவைப்பட்டது. ஒரே கேபிளில் 8 கருவிகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண். கன்ட்ரோலர் கார்டு வழக்கமாக 7-ஐ எடுத்துக்கொள்ளும். இரண்டு டிஸ்க்குக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால் குழப்பம்தான். கேபிளின் இரு முனையிலும் ‘டெர்மினேட்டர்’ போட வேண்டும். போடாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து, தகவலைக் கெடுக்கும். சிஸ்டம் அட்மின்கள் இரவெல்லாம் கண்விழித்தது பல நேரம் இந்தச் சின்ன துண்டுக்காகத்தான்.

ஆனால் மென்பொருள் பக்கம் பெரிய நிம்மதி. லினக்ஸ் இதை 3 அடுக்காகப் பிரித்தது. மேல் அடுக்கு, ‘இது டிஸ்க், இது சிடி, இது டேப்’ என்று பிரித்துப் பார்க்கும். நடு அடுக்கு, கட்டளைகளை வரிசையில் நிறுத்தும். பதில் வராவிட்டால் மறுபடி முயற்சி செய்யும். கீழ் அடுக்கு, குறிப்பிட்ட கன்ட்ரோலர் கார்டோடு பேசும். புதிய கார்டு வந்தால் கீழ் அடுக்கை மட்டும் எழுதினால் போதும். மேலே உள்ள எதையும் தொட வேண்டாம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு வசதியாக இருந்தது என்றால், ஸ்கஸி அல்லாத கருவிகளும் இதற்குள்ளேயே வந்து குடியேறின. பென் டிரைவ், யூஎஸ்பி கேபிளுக்குள் ஸ்கஸி கட்டளையைத்தான் அனுப்புகிறது. சாட்டா டிஸ்க்குகளையும் லினக்ஸ் ஸ்கஸி அடுக்கின் கீழ் கொண்டுவந்தது. பழைய ஐடிஇ டிஸ்க்குகளுக்கு ‘எச்டிஏ’ என்று தனிப் பெயர் இருந்தது. 2007 வாக்கில் பல லினக்ஸ் பதிப்புகள் அவற்றையும் ‘எஸ்டிஏ’ ஆக்கின. 2015-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்6 போனில் வந்த யூஎஃப்எஸ் ஸ்டோரேஜும் ஸ்கஸி கட்டளைகளையே பேசுகிறது.

தமிழ்நாட்டில் இது எங்கே வந்தது?

2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது அது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது.

விழுப்புரம் மாவட்டத்தின் கிராமத்து அரசுப் பள்ளிகளில் பிளஸ் 2 படித்தவர்கள் உட்பட, லட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். லினக்ஸ் பக்கம் போய் டிஸ்க் பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது, அதே ‘எஸ்டிஏ’.

பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடுகிறீர்களா?

ஷுகார்ட் காலத்துப் பிரச்சினை முழுசாகப் போய்விடவில்லை. வடிவம்தான் மாறியிருக்கிறது. பழைய லேப்டாப்புக்கு உயிர்கொடுக்க நினைப்பவர்கள் இன்றும் இதில் மாட்டுகிறார்கள்.

லினக்ஸ் ஆன் ஆகும்போது ஒரு கோழி–முட்டை பிரச்சினை உண்டு. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரே டிஸ்க்கில்தான் இருக்கிறது. இதைத் தீர்க்க, தேவையான டிரைவர்களை மட்டும் ஒரு சிறு மூட்டையாகக் கட்டி வைப்பார்கள். அதன் பெயர் ‘இனிட்ராம்எஃப்எஸ்’. கெர்னலோடு சேர்த்து முதலில் இது மெமரிக்கு வரும். பிறகு டிஸ்க் திறக்கும்.

இப்போது பயாஸில் ஸ்டோரேஜ் முறையை ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் டிரைவர் வேறு. அது மூட்டையில் இல்லையென்றால், ரூட் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி லினக்ஸ் நின்றுவிடும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து, பார்மேட் செய்துவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் பேக்கப் எடுங்கள். எந்தக் கன்ட்ரோலர் இருக்கிறது, எந்த டிரைவர் அதோடு பேசுகிறது என்பதை ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை காட்டும். மாற்றம் செய்வதற்கு முன்பே புது டிரைவரைச் சேர்த்து, அந்த மூட்டையைப் புதுப்பித்துவிடுங்கள். டெபியன், உபுன்டு, பாஸ் மூன்றிலும் அதற்கான கட்டளை ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’.

இன்னொன்று. ‘எஸ்டிஏ’ என்ற பெயர் நிரந்தரம் இல்லை. ஆன் ஆகும்போது எந்த டிஸ்க் முதலில் தென்படுகிறதோ, அதற்கு அந்தப் பெயர் போய்விடலாம். இன்று ‘எஸ்டிஏ’ ஆக இருப்பது நாளை ‘எஸ்டிபி’ ஆகலாம். அதனால்தான் கான்ஃபிகரேஷன் ஃபைலில் இந்தப் பெயரை எழுதாமல், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள ‘யூயூஐடி’ என்ற தனி அடையாள எண்ணை எழுதச் சொல்கிறார்கள்.

புது லேப்டாப்பில் வேறு சிக்கல். சில மாடல்களில் கன்ட்ரோலர், ‘ரெய்டு’ முறையில் வைத்து அனுப்பப்படும். லினக்ஸ் இன்ஸ்டால் செய்யப் போனால் டிஸ்க்கே தெரியாது. பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அதன் பிறகு ஆன் ஆகாமல் போகலாம். விண்டோஸை ஒரு முறை சேஃப் மோடில் ஆன் ஆகும்படி அமைத்துவிட்டு, அதன் பிறகு பயாஸில் மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இரண்டாவது வெளியேற்றம்

1980-களிலும் 90-களிலும் சீகேட் வேகமாக வளர்ந்தது. 1981-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1989-ல் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு டிஸ்க் செய்த இம்ப்ரிமிஸ் கம்பெனியை வாங்கியது. சீகேட்டை விட்டுப் போய் கானர் பெரிஃபெரல்ஸ் என்ற போட்டி கம்பெனியைத் தொடங்கியிருந்தார் ஃபினிஸ் கானர். 1996-ல் அதையும் சீகேட் வாங்கியது.

இத்தனை பெரிய கம்பெனியின் தலைவர் ஹவாய் பூப்போட்ட சட்டையில்தான் திரிவார். கோட்டும் டையும் அவருக்கு ஆகாது. அரசியல்வாதிகள் மீது அவருக்கு இருந்த எரிச்சலும் பிரபலம். 1996-ல் தன் வளர்ப்பு நாய் எர்னஸ்ட்டை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்த முயன்றார். நாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

கேலியோடு அவர் நிறுத்தவில்லை. வாக்குச்சீட்டில் ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வாய்ப்பு வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் பிரசாரம் செய்தார். 2000 மார்ச்சில் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றுப்போனது. நம்மூரில் இதைத்தான் நோட்டா என்கிறோம். நோட்டாவுக்கு வழிவிட்ட இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் 2013 செப்டம்பர் 27. தற்செயலாக அது ஷுகார்ட்டின் பிறந்தநாள்.

1998 ஜூலையில் சீகேட் இயக்குநர் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கம்பெனி அப்போது நஷ்டத்தில் இருந்தது. தொடங்கியவர் என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை. 24 வருடம் முன்பு நடந்ததே மறுபடியும் நடந்தது. வயது 67.

இந்த முறை அவர் மீன் பிடிக்கப் போகவில்லை. புதிய கம்பெனிகளுக்குப் பணமும் ஆலோசனையும் கொடுக்கும் ஒரு நிறுவனத்தை நடத்தினார். அதற்கு ‘அல் ஷுகார்ட் இன்டர்நேஷனல்’ என்று பெயர் வைத்தார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள இந்த முறை தடை எதுவும் இல்லை. 2005-ல் அமெரிக்காவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அவருக்கு ‘ஃபெலோ’ கௌரவம் கொடுத்தது.

2006 டிசம்பர் 12-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் அவர் இறந்தார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்கள் காரணம். வயது 76.

அவரை எதற்காக நினைவில் வைக்க வேண்டும்?

ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது தவறு. அது ரெனால்ட் ஜான்சன் குழுவின் வேலை. ஃபிளாப்பியைக் கண்டுபிடித்தவர் என்பதும் முழு உண்மை இல்லை. அது டேவிட் நோபிள் குழு. ஸ்கஸிக்கு வித்திட்டது பவுச்சர் குழு. ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் சந்திக்கும் இடத்தில் ஷுகார்ட் இருக்கிறார். ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தை, யாரும் வாங்கக்கூடிய கடைச் சரக்காக மாற்றியவர்களில் அவர் முதன்மையானவர். அவர் திரட்டிய இன்ஜினியர்களும் தொடங்கிய கம்பெனிகளும்தான் அந்தத் தொழிலையே வளர்த்தன.

இப்போது வரும் வேகமான எஸ்எஸ்டி-க்கள் என்விஎம்இ முறைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு லினக்ஸில் ‘எஸ்டி’ என்ற பெயர் கிடையாது. ‘என்விஎம்இ’ என்றே தொடங்கும். அதனால் புது லேப்டாப்களில் ‘எஸ்டிஏ’ மெல்ல மறைகிறது. பென் டிரைவிலும், சாட்டா டிஸ்க்கிலும், யூஎஃப்எஸ் உள்ள ஆண்ட்ராய்டு போன்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை பென் டிரைவைச் சொருகி ‘எஸ்டிபி’ என்று திரையில் பார்த்தால், அந்த ‘எஸ்’ ஒரு காலத்தில் ஷுகார்ட் என்ற பெயரின் முதல் எழுத்தாக இருந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.